சேலத்துப் பசங்கள வச்சு ப்ளஸ் டூ நாவல் எழுதணுமா, இங்க இருந்து ஆரம்பிங்க

ப்ளஸ் டூ பசங்கள பத்தி நாவல் எழுதப்போறேன்னு யாராச்சும் சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி ஹீரோ யாரு, லவ் இருக்கான்னு இல்ல, கதை எந்த வருஷம் நடக்குதுன்னுதான். பாதிப்பேரு முழிப்பாங்க, "இப்பதான், ஒரு ரெண்டு மூணு வருஷம் முன்ன பின்ன"ன்னு இழுப்பாங்க. வேற கதைக்கு அது ஓடும், பரீட்சைய நடுவுல வச்ச கதைக்கு ஓடாது. ஏன்னா நம்ம ஊர்ல பரீட்சை ரூல் மாறிக்கிட்டே இருக்கு, ரூல் மாறினா பையன் தூங்குற நேரம் மாறுது, அப்பா நகைய அடகு வைக்கிற மாசம் மாறுது, எவன் எந்த ஊரு ஹாஸ்டலுக்கு போறான்ங்கிறதே மாறிடுது.

எப்படின்னு பாருங்க. 2006 வரைக்கும் இன்ஜினியரிங் சேரணும்னா தனியா நுழைவுத்தேர்வு எழுதணும், அதுக்கப்புறம் ப்ளஸ் டூ மார்க்கு மட்டும்தான். 2018 மார்ச் வரைக்கும் மொத்தம் 1200 மார்க், 2019ல இருந்து 600. 2017ல ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்துச்சு, மாநில முதலிடம் யாருன்னு ரேங்க் அறிவிக்கிறத நிறுத்துனாங்க, டாக்டருக்கு நீட் வந்து உக்காந்துச்சு. ப்ளஸ் ஒன்னுக்கு பப்ளிக் 2018 மார்ச்சுல வந்துச்சு, 2025-26ல இருந்து மறுபடி கிடையாதுன்னு எடுத்துட்டாங்க. இது நடுவுல 2021 பேட்ச், அவங்களுக்கு ப்ளஸ் டூ பரீட்சையே நடக்கல, பத்தாவதுல இருந்து 50 சதவீதம், பதினொண்ணுல இருந்து 20, பன்னெண்டாவது ப்ராக்டிகல், இன்டர்னல்ல இருந்து 30னு கூட்டி மார்க் போட்டாங்க. இத வச்சே ஒரு முழு நாவல் எழுதலாம், பத்தாவதுல ஜாலியா சுத்திட்டு "ப்ளஸ் டூல பாத்துக்கலாம்"னு மனசு மாறி ரெண்டு வருஷம் உயிர குடுத்து படிச்ச ஒரு பொண்ண நெனச்சு பாருங்க, அவ திருந்துனதுக்கு அப்புறம் எழுதறதுக்கு பரீட்சையே இல்ல. இத நாமளா கற்பனை பண்ணி எழுதுனா நம்ப மாட்டாங்க, நெசமா நடந்துச்சு.

சேலத்துக்காரங்களுக்கு இந்த வருஷ விஷயம் இன்னும் முக்கியம், காரணம் பக்கத்துல இருக்குற நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. அந்தப் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூலுங்களுக்கு பிராய்லர் ஸ்கூல்னே ஜனங்க பேரு வச்சிருக்காங்க. ப்ளஸ் ஒன் பப்ளிக் இல்லாத காலத்துல அங்க பல இடத்துல பதினொண்ணாம் வகுப்பு புத்தகத்த ஓரமா வச்சுட்டு ரெண்டு வருஷமும் பன்னெண்டாவது பாடத்தையே ஓட்டுவாங்க, அத தடுக்கத்தான் ப்ளஸ் ஒன் பப்ளிக்கே வந்துச்சு. அப்ப உங்க கதை 2014ல நடந்தா பையன் ப்ளஸ் ஒன் சேந்த ஜூன் மாசமே பன்னெண்டாவது கெமிஸ்ட்ரிய திறந்துருவான். 2022 ஜூன்ல ப்ளஸ் ஒன் சேந்தவன்னா ரெண்டு மார்ச்சும் பப்ளிக். 2026ல நடந்தா அந்த பழைய ஆச மறுபடி தலைய தூக்குதான்னு பாக்குற காலம். ஒரே ஹாஸ்டல், ஒரே வார்டன், மூணு வேற கதை.

வருஷம் முடிவாச்சா, அடுத்து ஒரு காலண்டர எடுத்து சுவத்துல ஒட்டுங்க. பிளாட் எழுத தெரியலன்னு கவலையே வேண்டாம், ஸ்கூலே உங்களுக்கு பிளாட் போட்டு குடுத்துருச்சு. ஜூன்ல திறப்பு, செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, ஜனவரில ரிவிஷன் டெஸ்ட் ஒண்ணு ரெண்டு மூணுன்னு போகும், பிப்ரவரில ப்ராக்டிகல், மார்ச்ல பப்ளிக், மே மாசம் ரிசல்ட். இதுக்கு எதிர்ல ஊரோட காலண்டர எழுதுங்க, அங்கதான் கதை பிறக்குது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சேலம் மாவட்டத்துக்கே லோக்கல் ஹாலிடே விடுவாங்க, ஆனா ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற ஸ்கூலுக்கு எந்த ஹாலிடே. குகையில வண்டி வேடிக்கை நடக்கும், சாமி வேஷம் கட்டி வண்டில நின்னு ஊர்வலம் வருவாங்க, வருஷா வருஷம் முருகன் வேஷம் போட்டவன் இந்த வருஷம் ப்ளஸ் டூ, "அடுத்த வருஷம் போட்டுக்கலாம் சாமி"ன்னு அம்மா சொல்லிடுச்சு, அவன் ரூம்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிச்சுட்டு இருக்கான், தெருவுல மேளச்சத்தம் கிட்ட வந்துட்டு இருக்கு. பிரஷர்னு ஒரு வார்த்தை எழுதாமயே ஒரு அத்தியாயம் முடிஞ்சுருச்சு பாத்தீங்களா.

நான் சொல்லவர்றது மொத்தமே இதுதான். பிரஷர பத்தி எழுதாதீங்க. "அவன் மன அழுத்தத்தில் தவித்தான்"னு ஒரு வரி வந்தாலே அத அடிச்சுட்டு, அன்னிக்கு அவன் எதை விட்டுக்குடுத்தான், அதுக்கு எவ்ளோ பணம் போச்சு, வீட்ல யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. நேரம், காசு, வாய்ச்சொல்லு, இந்த மூணு வழியாத்தான் அது உள்ள வரும்.

காசுக்கு வர்றேன். சேலத்துல ஒரு வீட்ட சொன்னா தொழில சொல்லணும், தொழில் தெரியாத வீடு காகித வீடாத்தான் நிக்கும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் தறி, ஆத்தூர் ரோட்டுப் பக்கம் ஜவ்வரிசி மில்லு, ஸ்டீல் பிளான்ட் குவார்ட்டர்ஸ், ஃபேர்லேண்ட்ஸ்ல டாக்டர் வீடு. ஒவ்வொண்ணுலயும் ஃபீஸ் கட்டுற விதம் வேற. கொலுசு வீட்ல வெள்ளி வெல ஏறுனா ஆர்டர் குறையும், 2025ல வெள்ளி ஏறுன ஏத்தத்துல ஒரு கூலிப்பட்டறை வீட்டுப் பையன் ரெண்டாவது டெர்ம் ஃபீஸ எப்படி கட்டுனான்னு யோசிச்சு பாருங்க, அவன் தினமும் பேப்பர்ல வெள்ளி வெலய பாப்பான், மத்த பசங்க கிரிக்கெட் ஸ்கோர் பாக்குற மாதிரி. தறி வீட்ல சத்தம். நாள் பூரா தறி ஓடுற வீட்ல படிக்கணும்னா கரண்ட் போகணும், கரண்ட் போனா சத்தம் நிக்கும், ஆனா கூலியும் நிக்கும், ராத்திரின்னா படிக்க வெளிச்சமும் இருக்காது. கரண்ட் போனா உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுட்டு அத நெனச்சு கூசிப்போற ஒரு பொண்ணு, அவ போதும் உங்க நாவலுக்கு, வில்லன் கூட தேவையில்ல.

டாக்டர் வீட்டுப் பிரஷர் சின்னதுன்னு எழுதிடாதீங்க, அது வேற ஜாதி. அங்க ஃபீஸ் பிரச்சனை இல்ல, அப்பா கிளினிக் போர்டுல பேருக்கு கீழ ஒரு வரிக்கு இடம் காலியா இருக்குற பிரச்சனை. நீட்ல 720க்கு எவ்ளோன்னு சொந்தக்காரங்க கல்யாணத்துல சாப்பாட்டுப் பந்தில கேப்பாங்க. ஒரு தடவ வரலன்னா ரிப்பீட்டர், அந்த ஒரு வருஷம் ஸ்கூலும் கிடையாது காலேஜும் கிடையாது, யூனிஃபார்ம் இல்லாத வருஷம். இத யாரும் சரியா எழுதுனதா எனக்கு தெரியல, எடுத்துக்கோங்க.

மேல ஏற்காட்டுக்கு கதைய கொண்டு போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், தயவு பண்ணி லேக்குல போட்டிங், பகோடா பாயின்ட்ல பனி, ரெண்டு பேரும் கைகோத்து நிக்கிறாங்கன்னு ஆரம்பிக்காதீங்க. அது டூரிஸ்ட் பாக்குற ஏற்காடு. அங்கயே பொறந்து வளந்தவனுக்கு அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவுன்னா கடைசி பஸ் எத்தன மணிக்குங்கிற கணக்கு. ட்யூஷன் கீழ சேலத்துல, வீடு மேல எஸ்டேட் லைன் வீட்டுல, பஸ்ஸ விட்டா என்ன பண்ணுவான். காப்பிப்பழம் பறிக்கிற சீசன் நவம்பர் வாக்குல சூடு பிடிக்கும், அது ஓடுறப்பவே அரையாண்டும் ரிவிஷனும் வந்துரும், அம்மா கூட ஒரு கை பறிச்சா கூலி கூடும், அவன வர வேண்டாம்னு அம்மா சொல்லும், சொல்லிட்டு குனிஞ்ச முதுகோட தனியா போகும். 2024 டிசம்பர்ல ஃபெங்கல் புயல் மழையில மலைப்பாதையில மண்சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு, அது மாதிரி ஒரு வாரம் கதைக்கு வேணும்னா நிஜத்துலயே இருக்கு.

ஒரே மலையில 1917ல ஆரம்பிச்ச மான்ட்போர்ட் மாதிரி இங்கிலீஷ் மீடியம் போர்டிங் ஸ்கூலும் இருக்கு, மலைவாழ் பிள்ளைங்களுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளியும் இருக்கு, ரெண்டு பக்கமும் பசங்க வீட்ட விட்டு தள்ளித்தான் தூங்குறாங்க. இந்த ரெண்டு பசங்களும் ஒரே பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஒரு சீன் வைங்க, பேசிக்கக் கூட வேண்டாம். மலையாளிப் பழங்குடிப் பையன்னா ஜாதி சான்றிதழ் ஒரு தனிக்கதை, மார்க் வந்தும் அந்தப் பேப்பர் கைக்கு வரலன்னா கவுன்சிலிங்ல எஸ்டி சீட்டு கேக்க முடியாது, ஆபீஸ் ஆபீஸா அலையுற அப்பாவ எழுதுங்க. ஆனா அந்த மக்கள தெரியாம பாவமா எழுதாதீங்க, முடிஞ்சா போயி பேசுங்க, முடியலன்னா அந்தப் பாத்திரத்த பக்கத்து பெஞ்சுல இருக்குற ஃபிரண்டாவே வச்சுக்கோங்க.

பாத்திரம் எத்தன? மூணு போதும். அஞ்சு பேர் கேங், ஒருத்தன் காமெடி, ஒருத்தன் படிப்ஸ், ஒருத்தன் ரவுடின்னு போட்டா அது சினிமா. மூணு பேரு, மூணு குரூப்பு கூட வைக்கலாம், ஒருத்தி பயோ மேத்ஸ், ஒருத்தன் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒருத்தன் காமர்ஸ். காமர்ஸ் பையன நிறைய பேரு மறந்துடறாங்க, ஸ்கூல்லயும் அப்படித்தான், ஹெச்எம் ஸ்பீச்சுல சயின்ஸ் பசங்க பேரு மட்டும்தான் வரும், கண்டுக்காம விடறதும் ஒரு பிரஷர்தான. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சுட்டு பதினொண்ணுல இங்கிலீஷ் மீடியத்துக்கு தாவுனவள மறக்காதீங்க, "ஒளிச்சேர்க்கை"ன்னு தெரிஞ்ச விஷயத்தையே ஃபோட்டோசிந்தசிஸ்னு புதுசா மனப்பாடம் பண்ணுவா, தெரிஞ்சும் வாயத் திறக்க மாட்டா, மிஸ் அவள மக்குன்னு முடிவு பண்ணிடுவாங்க.

பேச்சு வழக்குக்கு ஒரு விஷயம். பசங்க ஸ்லாங்க அள்ளி தெளிக்காதீங்க, ரெண்டு வருஷத்துல அது நாறிடும், "மச்சி, டேய், மாப்ள" இதெல்லாம் எப்பவும் நிக்கும், அத வச்சே ஓட்டுங்க. பெருசுங்க பேச்சுலதான் கவனம் வேணும். நம்ம பக்கத்துல அம்மாவும் ஆயாவும் "கண்ணு, சாமி"ன்னுதான் கூப்புடுவாங்க, அந்த வாயாலதான் மொத்த பாரமும் இறங்கும். "நாங்க ஒண்ணும் சொல்லல சாமி, உன் இஷ்டம், உன்ன நம்பித்தான் இருக்கோம்." பெல்ட்டால அடிக்கிற அப்பாவ விட இந்த வரி கனம். அப்பாவ கத்த விடாதீங்க, அவரு ஃபீஸ் ரசீத மடிச்சு சாமி படத்துக்கு பின்னாடி சொருகுறத மட்டும் காட்டுங்க.

டீச்சர். எல்லா ஸ்கூல் கதைலயும் ஒரு கொடுங்கோல் டீச்சர், ஒரு தங்கமான டீச்சர், போதும்ப்பா. தனியார் ஸ்கூல் டீச்சருக்கு எவ்ளோ சென்டம் காட்டணும்னு மேல இருந்து டார்கெட், லீவுல வீடு வீடா போயி அட்மிஷன் கேக்கச் சொல்ற ஸ்கூலு எத்தன இருக்கு. அந்த கெமிஸ்ட்ரி சாருக்கு பையன் ஃபெயிலானா வேலை போயிடும், அவரு வீட்லயும் ஒரு பத்தாவது பொண்ணு இருக்கு. சார் ஸ்லிப் டெஸ்ட் பேப்பர தூக்கி மூஞ்சில எறியலாம், தப்பில்ல, ஆனா அன்னிக்கு காலைல ஆபீஸ் ரூம்ல அவருக்கு என்ன நடந்துச்சுன்னு வாசகனுக்காவது தெரியணும்.

பரீட்சை சீன் ஒண்ணே ஒண்ணு முழுசா எழுதுங்க, மத்தத ஒரு பாராவுல தாண்டிடுங்க, ஆறு பேப்பரையும் எழுதுனா படிக்கிறவன் ஓடிடுவான். எதை எழுதறதுன்னா நான் சொல்றது அந்த முதல் பத்து நிமிஷம். காலைல பத்து மணிக்கு கொஸ்டின் பேப்பர் குடுப்பாங்க, பத்து நிமிஷம் படிக்க மட்டும்தான், பேனாவ தொடக்கூடாது, அப்புறம் அஞ்சு நிமிஷம் விவரம் சரிபாக்க, பத்தே காலுக்குத்தான் எழுத ஆரம்பிக்கணும், ஒண்ணே கால் வரைக்கும். பதில் தெரியும், எழுத முடியாது, இல்ல தெரியாதுன்னு தெரிஞ்சுருச்சு, எந்திரிச்சு போகவும் முடியாது. ஒரு நாவலோட உச்சம் அந்த பத்து நிமிஷத்துல உக்காந்திருக்கு. கணக்கு பேப்பர எடுத்துக்கோங்க, ஏன்னா இன்ஜினியரிங் கட் ஆஃப் 200ல கணக்குக்கே 100, ஃபிசிக்ஸ் 50 கெமிஸ்ட்ரி 50, கணக்குல ஒரு மார்க் போனா முழு ஒரு மார்க் போச்சு, மத்ததுல அரை. பசங்க இத தூக்கத்துலயும் சொல்லுவாங்க, நீங்க தப்பா எழுதுனா அதோட புக்க மூடிடுவாங்க.

ரிசல்ட் சீன்ல நோட்டீஸ் போர்டு முன்னாடி கூட்டம் முண்டுறதெல்லாம் பழைய கத. இப்ப ஸ்கூல்ல குடுத்த செல் நம்பருக்கு மெசேஜ் வருது. அப்ப யாரு நம்பர் குடுத்தாங்க? பெரும்பாலும் அப்பா நம்பர். மே மாசம், ஏற்காட்டுல கோடை சீசன் கூட்டம், அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவரு, பதிமூணாவது வளைவுல டிராஃபிக்ல நிக்கிறாரு, மார்க்கு அவரு சட்டைப் பாக்கெட்டுல வந்து கெடக்கு, பையன் வீட்ல உக்காந்துட்டு இருக்கான், அப்பாவுக்கு மெசேஜ தொறந்து பாக்கவும் பயம், பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க. இல்லன்னா நெட்டுல பையனே முன்னாடி பாத்துட்டு அப்பா மூஞ்சிக்காக காத்திருக்கான். ரிசல்ட்டோட கதை முடியணும்னும் இல்ல, விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு போடுறது இருக்கு, தான் எழுதுன பதில மூணு மாசம் கழிச்சு தானே படிக்கிற ஒரு பையன், அதுவும் நல்ல சீன்.

இப்ப கஷ்டமான விஷயம். சாவ வச்சு கதைய முடிக்காதீங்க. இந்த வகை கதை எழுதறவங்க பாதிப்பேரு கடைசில அங்கதான் போயி நிக்கிறாங்க, படிக்கிறவன் அழுவான்னு. படிக்கிறவன் பதினேழு வயசு, அவனுக்கும் இதே நெலம, அத மறந்துடறீங்க. அந்த எண்ணம் வர்ற பாத்திரத்த எழுதலாம், எழுதணும், ஆனா எப்படி, எதாலன்னு விவரம் வேண்டாம், அது தைரியம்னோ பழிவாங்குறதுன்னோ வேண்டாம், அவன் யாருகிட்ட வாயத் திறந்தான்ங்கிறத நீளமா எழுதுங்க. 104க்கு போன் பண்ணி பேசுறது, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, இதெல்லாம் நெஜமான நம்பர், பாத்திரம் போன் பண்றப்ப நெஜ நம்பரவே போடுங்க, யாருக்காச்சும் உதவும். போன எடுத்து முதல் வரி என்ன பேசுறதுன்னு தெரியாம அவன் தெணறுறத எழுதுங்க, அதுதான் கஷ்டமே, அது எந்த கதைலயும் வர்றதில்ல.

ஸ்கூல் பேரு கற்பனையா வைங்க, ஏரியா நெஜமா இருக்கட்டும். அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு, புது பஸ் ஸ்டாண்டு எல்லாம் அப்படியே போடலாம், பையன் கன்னங்குறிச்சியில இருந்து சைக்கிள்ல வர்றான்னா மூக்கனேரி ஓரமா வரட்டும். தட்டுவடை செட் கட்டாயம் வேணும்னு ஒண்ணும் இல்ல, சேலம்னு காட்ட அத ஒரு தட்டு வைக்கிறது எழுத்தாளருங்களுக்கு பழக்கமாயிடுச்சு, ட்யூஷன் முடிஞ்சு கையில இருக்குற காச மூணு பேரு எண்ணிப் பாக்குறதுக்கு வேணும்னா கடைய வைங்க. தெரிஞ்ச பையனோட கதைய எடுத்தீங்கன்னா ஊரு, குரூப்பு, வீட்டுத் தொழில் மூணையும் மாத்திடுங்க, சேலம் சின்ன ஊரு, பேர மட்டும் மாத்துனா யாருன்னு தெருவே சொல்லிடும்.

நீளம் நாப்பதாயிரம் வார்த்தைக்கு மேல போக வேண்டாம், இந்த வயசுப் பசங்க படிக்கணும்னா அதுவே ஜாஸ்தி. ஜூன்ல கத ஆரம்பிச்சு காலாண்டுக்குள்ள கால்வாசி முடிஞ்சிருக்கணும், ஜனவரில இருந்து அத்தியாயம் சின்னச் சின்னதா ஆகட்டும், பசங்களுக்கு அப்ப நாளே அப்படித்தான் துண்டு துண்டா போகும்.

எழுதி முடிச்சதும் ப்ளஸ் டூ முடிச்ச ரெண்டு மூணு பேருகிட்ட குடுங்க. ஜனவரில குடுத்துடாதீங்க, திட்டு வாங்குவீங்க, ரிசல்ட் வந்து காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் சும்மா இருப்பாங்க, அப்ப குடுங்க. நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, மரியாதைக்கு. எந்தப் பக்கத்துல சிரிப்பு வந்துச்சு, எங்க "இப்படியெல்லாம் எவன்டா பேசுவான்"னு தோணுச்சுன்னு பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க, கோடு போட்ட எடத்த எல்லாம் அவங்க முன்னாடி சத்தமா படிச்சு, நீ எப்படி சொல்லுவன்னு கேட்டு அங்கயே மாத்தி எழுதிக்கோங்க.